புலிக்கு மூன்று, ஆட்டுக்குப் பதினைந்து

ஆடு புலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஏன் மூன்று? ஏன் பதினைந்து? பன்னிரண்டு ஆடு போதாதா, நாலாவதாக ஒரு புலி வைத்தால் என்ன? சின்ன வயதில் யாரிடம் கேட்டாலும் "அது அப்படித்தான்டா, ஆடு" என்பார்கள். எண்ணூரில் லாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கை. ஓர் அளவு எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு கூடக் குறைய விடலாம் என்று கேட்டே சம்பளம் வாங்கியவனுக்கு "அப்படித்தான்" என்ற பதில் தொண்டையில் இறங்காது. ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்தது. கட்டத்தைத் தாளில் போட்டு எண்ணிப் பார்த்தேன். யார் வைத்த கணக்கோ தெரியவில்லை. ஆனால் கணக்கு பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே உச்சிப் புள்ளி ஒன்று. அதிலிருந்து நாலு கோடு விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். நடுவில் மூன்று குறுக்குக் கோடு. அவை நாலு கோட்டையும் வெட்டிக்கொண்டு இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீளும். நீண்ட முனைகளைப் பக்கத்துக்கு ஒரு கோடாக மேலிருந்து கீழே சேர்த்துவிட்டால் கட்டம் முடிந்தது. உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோட்டிலும் ஆறாறாக 18, அடியில் 4; ஆக 23 புள்ளி. மூன்று புலியும் பதினைந்து ஆடும் உட்கார்ந்தபின் காலியாக நிற்பது ஐந்தே இடம்.

புலி கோட்டின் வழியே ஒரு புள்ளி நகரும். பக்கத்தில் ஆடு நின்று, அதற்கு நேர் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, தாண்டாது. ஒவ்வொன்றாக உள்ளே வரும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் இடம் மாறக் கூடாது. அதுவரை புலி தன் முறைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்று புலிக்கும் அசைய வழியில்லாமல் போனால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. இவ்வளவுதான் சட்டம். ஊருக்கு ஊர் சில்லறை வித்தியாசம் உண்டு.

இப்போது கணக்கு. குறுக்குக் கோட்டு முனையில், மூலையில் நிற்கும் புலிக்கு வழி இரண்டு. இரண்டையும் ஆட்டால் அடைக்க வேண்டும். அதோடு தாண்டிக் குதிக்கும் இரண்டு இடத்திலும் ஆடு நிற்க வேண்டும். ஆக நாலு ஆடு. உச்சியில் நிற்கும் புலிக்கு வழி நாலு, குதிக்கும் இடமும் நாலு. எட்டு ஆடு வேண்டும். நடுக்கோட்டின் நடுப் புள்ளி இரண்டில் ஒன்றில் நிற்கும் புலிக்கும் எட்டேதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று மூலையில் மூன்று புலி நின்றால் பன்னிரண்டு ஆட்டில் அடைத்துவிடலாம். கையில் இருப்பது பதினைந்து. அதாவது மூன்று ஆட்டை இழந்தாலும் பிழைப்பு உண்டு. நாலாவது போனால், புலிகள் தாங்களே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றால்தான் ஆட்டுக்கு வாழ்வு. ஒரே பக்கத்து மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் இரண்டு புலி வந்து நின்றால் ஐந்தே ஆட்டில் இரண்டும் அடைபடும். என் தொழிலில் இதை டாலரன்ஸ் என்போம். மூன்று ஆடு டாலரன்ஸ் வைத்து ஓர் ஆட்டத்தைச் செய்திருக்கிறார்கள், கருங்கல் தரையில் சாக்பீஸால்.

கருங்கல் என்று சொன்னது பேச்சுக்காக இல்லை. தமிழ்நாட்டின் பல கோயில் மண்டபங்களிலும் ஊர்ப் பாறைகளிலும் இந்தக் கட்டம் உளியால் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்தச்சர் ஓய்வு நேரத்தில் செதுக்கியதா, வழிப்போக்கர் கீறியதா, கோயில் எழும்பி நானூறு வருடம் கழித்து ஆடு மேய்க்க வந்த பையன் போட்டதா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்லுக்கு வயது உண்டு. கல்லில் போட்ட கோட்டுக்கு வயது கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் "ஆயிரம் ஆண்டு விளையாட்டு" என்று யாராவது மேடையில் முழங்கினால் நான் கை தட்டுவதில்லை. பழையது. அவ்வளவு போதும்.

நமக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஆந்திரத்தில் இதுவே புலி-மேக (அங்கே மேக என்றால் ஆடு). இலங்கையில் சிங்களக் கிராமத்தார் சிறுத்தையையும் மாட்டையும் வைத்து ஆடியதை எச். பார்க்கர் 1909-ல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' நூலில் எழுதி வைத்திருக்கிறார். நேபாளத்தின் பாக்-சால் ஆட்டத்தில் 25 புள்ளி, நாலு புலி, இருபது ஆடு. புலிகள் நாலு மூலையில் தொடங்கும், ஐந்து ஆட்டைத் தின்றால் புலிக்கு வெற்றி. ஐரோப்பாவில் ஒரு நரியும் வாத்துக் கூட்டமும். தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் 1732-ல் லாப்லாந்துக்குப் பயணம் போனபோது, நடுவில் ஒரு ராஜாவும் எட்டுக் காவலரும் இருக்க, சுற்றி வளைக்கும் பதினாறு பேர் ஆடும் ஆட்டத்தைப் பார்த்து, படம் போட்டு, நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

இந்தக் குடும்பத்துக்கெல்லாம் ஒரே தலைவலி: பலமும் எண்ணிக்கையும் வேறுவேறாக இருக்கிற இரண்டு தரப்பை எப்படிச் சமமாக மோதவிடுவது? நரி ஆட்டத்தில் முதலில் வாத்து பதின்மூன்று. நரி ஓயாமல் ஜெயித்திருக்க வேண்டும். பிற்காலத்தில் பதினைந்து, பதினேழு என்று வாத்தைக் கூட்டினார்கள். ஒரு காய் இரண்டு காய் கூட்டிக் குறைத்து, தலைமுறை தலைமுறையாக ஆடிப் பார்த்து, சரி இதுவே நிற்கட்டும் என்று விட்ட இடம்தான் இன்று நாம் சட்டம் என்று சொல்வது.

எங்கள் வடசென்னைப் பக்கத்துக்கு இந்த ஆட்டம் எப்படி வந்தது என்று கேட்டால், வேலை தேடி வந்தவர்களின் மடியில் வந்தது என்பேன். ராயபுரத்தில் 1856-ல் ரயில் நிலையம் திறந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆற்காட்டுப் பக்கம் அங்கிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம் வந்தது. வடாற்காட்டிலிருந்தும் நெல்லூர்ப் பக்கமிருந்தும் தெற்கேயிருந்தும் ஆள் வந்தார்கள். சுதந்திரத்தை ஒட்டித் திருவொற்றியூர் மணல்மேட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூரைகள் எழுந்தன. மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் ஒரு ஷெட்டில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார், அதுதான் எம்.ஆர்.எஃப். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். முதலில் ஆஸ்டின் கார், பிறகு லேலண்ட் லாரி. 1955-ல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள். தீப்பெட்டிக்கு விம்கோ, அந்தப் பெயரில்தான் இன்று மெட்ரோ ஸ்டேஷனே நிற்கிறது. சங்கு ஊதினால் ஊரே எழுந்த காலம்.

சாப்பாட்டு இடைவேளை அரைமணி. பத்து நிமிஷத்தில் தூக்குவாளி காலியாகிவிடும். மிச்சத்தில் ஆட்டம். சிமென்ட் தரையில் மார்க்கிங் சாக்கால் கட்டம். ஊரில் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் இருந்த இடத்தில் எங்களுக்கு ஸ்கிராப் தொட்டியில் கிடந்த நட்டும் வாஷரும். நட்டு புலி, வாஷர் ஆடு. ஆடுகிறவர்கள் இரண்டு பேர், யோசனை சொல்கிறவர்கள் பத்துப் பேர். "அத்த அங்க வைக்காத நைனா, பூட்ட கேஸு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். வைத்த கையை எடுக்கக் கூடாது என்று இன்னொரு குரல் அதட்டும்.

சண்டை வராமல் இருக்குமா? எங்கள் பிரிவில் நெல்லூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஊர்ச் சட்டப்படி வெட்ட ஆடு கிடைத்தால் புலி வெட்டியே ஆக வேண்டும். விட்டுவிட்டு நகர முடியாது. எங்கள் சட்டத்தில் அது புலியின் இஷ்டம். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் வெட்டியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால் ஆட்டுக்காரர் ஒரு வாஷரைத் தீனியாகப் போட்டுப் புலியை மூலைக்கு இழுத்துவிடலாம். ஒரு வரி மாறினால் பலம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. "என்னாண்ணே, புலி பசியில்லாதப்பகூட துன்னுமா?" என்று எங்கள் ஆள் கேட்க, "பசி இல்லாத புலிய நீ எங்கப்பா பாத்த?" என்று அவர் திருப்பிக் கேட்க, அரைமணியும் வாதத்திலேயே போய்விடும்.

இதைத் தீர்த்தது எங்கள் மேஸ்திரி. அவர் சட்டத்தைத் தொடவே இல்லை. "எந்தச் சட்டமா வேணா வச்சுக்க. ரெண்டு ஆட்டம் ஆடு. மொத ஆட்டத்துல நீ புலின்னா ரெண்டாவதுல அவன் புலி. யாரு புலியா இருக்கும்போது நெறைய ஆடு வெட்டுனானோ அவன் கெலிச்சான்" என்றார். அன்றோடு சட்டச் சண்டை ஓய்ந்தது. புலிக்குச் சாதகமான சட்டமா? இருக்கட்டும், அது இரண்டு பேருக்கும் ஒருமுறை சாதகம். ஆட்டுக்குச் சாதகமா? அதுவும் அப்படியே. காயைச் சமமாக்குவதை விட்டு ஆளை இடம் மாற்றினார் அவர்.

இது அவர் கண்டுபிடித்த வழியில்லை, ஆடத் தெரிந்த எல்லா ஊரிலும் இருக்கிற வழிதான். வடசென்னைக்கென்றே பேர் வாங்கித் தந்த கேரமைப் பாருங்கள். அது சமமான ஆட்டம்: ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு. இருந்தும் முதலில் உடைக்கிறவருக்கு ஒரு கை கூடுதல். தேர்ந்த ஆட்டக்காரர் உடைத்த முறையிலேயே பலகையைக் காலி செய்து எதிராளியை உட்கார வைத்தே எழுப்பிவிடுவார். அதனால்தான் உடைக்கும் உரிமை பலகைக்குப் பலகை மாறுகிறது. இரண்டு முறை உலக சாம்பியனாகி 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் முதல், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வடசென்னைப் பெண் காசிமா வரை எல்லோரும் வளர்ந்தது இந்த முறைமாற்றத்துக்குள்தான். சமமான காய்களுக்கே அது தேவைப்படுகிறது என்றால் ஆட்டுக்கும் புலிக்கும் எவ்வளவு தேவைப்படும்!

எழுபதுகளுக்குப் பிறகு எங்கள் தரையிலிருந்து ஆடு புலிக் கட்டம் மெல்ல அழிந்தது. கேரம் பலகை தெருமுனை மன்றங்களில் ஏறி உட்கார்ந்தது. டீக்கடையில் டிவி வந்தது. பிறகு கைபேசி. சென்னையில் வினிதா சித்தார்த்தாவின் கிரீடா போன்ற முயற்சிகளால் கட்டம் இப்போது அழகான பெட்டிக்குள் துணியில் அச்சாகிக் கடையில் கிடைக்கிறது. நல்லது. ஆனால் பெட்டிக்குள் வரும் சட்டத்தாளோடு நெல்லூர்க்காரர் யாரும் சண்டை பிடிப்பதில்லை.

சட்டத்தோடு சண்டை பிடிக்கும் ஆட்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டியவள் என் பேத்தி. அவளும் கல்லூரித் தோழர்களும் ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். ஒருவர் நடுவர், அவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். குகைக்குள் போவார்கள், இருபது முகப் பகடை உருட்டுவார்கள், ராட்சதனோடு சண்டை போடுவார்கள். ஓர் ஆட்டம் மாதக்கணக்கில் நடக்கும். ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "நான் போர்வீரன் தாத்தா. ஆரம்பத்துல நான்தான் எல்லாரையும் காப்பாத்துனேன். இப்ப மந்திரவாதி ஒரே மந்திரத்துல மொத்தக் கூட்டத்தையும் பொசுக்கிடுறான். நான் வாளைப் பிடிச்சிக்கிட்டு வேடிக்கை பாக்குறேன். இது நியாயமா?"

கேட்டதும் எனக்கு வாஷரும் நட்டும்தான் ஞாபகம் வந்தன. அவளிடமிருந்த புத்தகங்களை வாங்கிப் படித்தேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட ஆட்டம் இது. அதற்கு முன்னால் நீண்ட கதை இருக்கிறது: பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்திலேயே நடுவரும் பகடையும் உண்டு. அடிபட அடிபடக் குறையும் உயிர்ப் புள்ளி என்ற கணக்கை இரும்புக் கப்பல் சண்டை ஆட்டத்திலிருந்து எடுத்ததாக ஆர்னெசன் சொல்லியிருக்கிறார். துறைமுகத்துக்காரனுக்கு அது பிடித்திருந்தது: ஓட்டை விழுந்தும் மிதக்கும் கப்பல்தான் அவர்களுடைய வீரன்.

முதல் புத்தகத்தில் மூன்றே வகை: வீரன், மந்திரவாதி, பூசாரி. திருடன் 1975-ல் சேர்ந்தான். கைகாக்ஸ் கூட்டம் சமநிலைக்குச் செய்த வழி எனக்கு உடனே புரிந்தது. அவர்கள் பலத்தைச் சமமாக்கவில்லை, காலத்தைப் பிரித்தார்கள். அடுத்த படிக்கு ஏற வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி, பூசாரிக்கு 1,500, மந்திரவாதிக்கு 2,500. மந்திரவாதி முதல் படியில் ஒரே ஒரு மந்திரம் தெரிந்த நோஞ்சான். ஒரு நல்ல அடி தாங்க மாட்டான். பிழைத்துப் பெரியவனானால் அவனை யாரும் தொட முடியாது. ஆடு புலியில் நடப்பதும் இதுதானே? ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும் முதல் பாதி புலியின் காலம். பதினைந்தும் இறங்கி வரிசை கட்டி நகரத் தொடங்கியபின் ஆட்டின் காலம். முதலில் தாக்குப்பிடித்தவனுக்குப் பின்னால் கூலி.

ஆனால் ஒரு வித்தியாசம். ஆடு புலியின் இரண்டு காலமும் ஒரே அரைமணிக்குள் முடிந்துவிடும். இவர்களுடைய ஆட்டத்தில் வீரனின் பொற்காலம் முடிந்து மந்திரவாதியின் காலம் வர மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகு திரும்பாது. கதை பாதியில் நின்றுபோனால் மந்திரவாதிக்கு நஷ்டம். நீண்டால் வீரனுக்கு நஷ்டம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எல்லா வகைக்கும் ஒரே அனுபவப் பட்டியல் என்று ஆக்கினார்கள். கேட்கச் சமத்துவம். விளைவு, மந்திரவாதி தாமதமாக ஏறுவான் என்றிருந்த கடிவாளமும் போயிற்று. 2008-ல் நாலாம் பதிப்பு மறுகோடிக்குப் போனது: எல்லா வகைக்கும் ஒரே அச்சில் வித்தைகள், எப்போதும் செய்வது இத்தனை, சண்டைக்கு ஒருமுறை இத்தனை, நாளுக்கு ஒருமுறை இத்தனை. சமநிலை வந்தது, வாளும் மந்திரமும் ஒரே ருசியாகிவிட்டன என்று பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 2014-ல் ஐந்தாம் பதிப்பு மறுபடி வேறுபாட்டுக்குத் திரும்பியது. ஐம்பது வருடமாக வாத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பேத்தியிடம் மேஸ்திரியின் வழியைச் சொன்னேன். "இடத்த மாத்திக்கங்க. அடுத்த கதையில நீ மந்திரவாதி."

"அது முடியாது தாத்தா. அந்த வீரனுக்கு நான் பேர் வச்சிருக்கேன், அவனுக்கு ஒரு அம்மா இருக்கா, ஊர் இருக்கு. அவனை அவன்கிட்ட எப்படிக் குடுப்பேன்? அதுவுமில்லாம உங்க ஆட்டத்துல ஆடும் புலியும் எதிரி. நாங்க கூட்டாளி. நான் அவனை ஜெயிக்கணும்னு கேக்கல. எனக்கும் வேலை வேணும்னுதான் கேக்குறேன்."

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எதிரிகளுக்குள் சமநிலை என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு. கூட்டாளிகளுக்குள் சமநிலை என்றால் தேவைப்படுதல். இரண்டாவதை எங்கள் கரை நன்றாக அறியும். கட்டுமரத்தில் போகிறவர்கள் பிடித்த மீனை விற்ற காசில் மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். மிச்சம் கடலில் இறங்கிய ஆட்களுக்குள். நீரோட்டம் பார்க்கத் தெரிந்த மூத்தவரின் கண்ணும், துடுப்பு வலிக்கும் இளையவனின் தோளும் ஒன்றில்லை. ஆனால் ஒன்றில்லாமல் மற்றது கரை சேராது. பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் அனுபவப் புள்ளியின் பெரும்பகுதி கொன்ற எதிரியால் வரவில்லை, கொண்டுவந்த தங்கத்தால் வந்தது. காசு ஒன்றுக்குப் புள்ளி ஒன்று. பாடுபட்டதைப் பங்கு போடுகிற ஆட்டமாகத்தான் அது பிறந்திருக்கிறது. பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்க நடுவர்கிட்ட மந்திரம் பலிக்காத குகை ஒண்ணு வைக்கச் சொல்றேன்" என்றாள். சரியான வழி. காயை மாற்ற முடியாவிட்டால் கட்டத்தை மாற்று.

கட்டத்தை மாற்றுவது என்றதும் என் மனம் பெரம்பூருக்குப் போகிறது. பக்கிங்காம் கர்னாடிக் மில் தொழிலாளர்களுக்காகச் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரு பக்கம், ஒரு நிர்வாகம் இன்னொரு பக்கம். எண்ணிக்கை இருந்தது, சட்டம் இல்லை. 1920-ல் நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேல் வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. தொழிலாளியை வேலை நிறுத்தச் சொல்வதே நஷ்டஈடு கட்ட வேண்டிய குற்றமாக நின்றது. அடுத்த வருடம் நீண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் சாதியால் பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. வரிசையில் ஒரு புள்ளி காலியாக இருந்தால் புலி அங்கேதான் குதிக்கும் என்பதை வடசென்னை படித்தது அந்த வருடம்.

ஆனால் அந்த வழக்கு வீண்போகவில்லை. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று என்.எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் சங்கம் எடுத்த நடவடிக்கைக்காக, பதிவு செய்த சங்கத்தின் மேல் அப்படிச் சிவில் வழக்குப் போட முடியாது என்றது சட்டம். தொழிலாளியின் பலம் ஒரு குன்றிமணி கூடவில்லை, முதலாளியின் பலம் குறையவுமில்லை. கட்டத்தில் ஒரு கோடு மாறியது. அந்தக் கோட்டின் மேல் நின்றுதான் பிறகு எங்கள் தலைமுறை போனஸும் கேன்டீனும் ஈ.எஸ்.ஐ.யும் பேசி வாங்கியது.

ஆடு புலி ஆட்டத்தைத் தொழிலாளி முதலாளி கதையாகச் சொல்வது எங்கள் வாயில்கூட்டங்களில் சலித்துப்போன உவமை. ஒன்றுபட்ட ஆடுகள் புலியை அடைக்கும் என்று பேசாத தலைவர் கிடையாது. நான் சொல்ல வருவது அதுவல்ல. ஆட்டத்தில் ஆடாக இருந்தவன் அடுத்த ஆட்டத்தில் புலியாக உட்காருகிறான். அதனால் சட்டம் எப்படி இருந்தாலும் யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. தொழிற்சாலையில் இடம் மாறுவதில்லை. மேஸ்திரியின் வழி அங்கே செல்லாது. ஆகவே மிச்சம் இருக்கிற இரண்டு வழி, எண்ணிக்கையும் கட்டமும், உயிர்நாடியாகிவிடுகின்றன. அந்த இரண்டிலும் எங்கள் பக்கம் ஓட்டை விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். 1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. பெயரிலேயே முறைப்படுத்தலும் ஒழித்தலும் இரண்டும் இருந்தன. ஒழிந்ததைவிட முறைப்பட்டதே அதிகம். நான் ஓய்வு பெறும்போது ஒரே லைனில், ஒரே நட்டை, ஒரே ஸ்பேனரால் முறுக்கும் இரண்டு பேரில் ஒருவர் பெர்மனென்ட், ஒருவர் காண்ட்ராக்ட். ஒருவருக்குச் சங்கம் உண்டு, மற்றவருக்கு இல்லை. ஆடுகளுக்குள்ளேயே இரண்டு வகை உண்டாக்கினால் புலிக்கு வேறு உதவி தேவையில்லை. இதில் எங்கள் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் சம்பள ஒப்பந்தத்தைப் பேசும்போது அவர்களைப் பற்றிய பத்தி எப்போதும் கடைசியில்தான் வந்தது, நேரம் இல்லை என்று தள்ளியும் போனது.

கணினிக்காரர்கள் இந்தத் தலைவலியை ஓர் இடத்தில் முடித்துக் காட்டியிருக்கிறார்கள். லிம் யூ ஜின் என்பவரும் ஜூரிச்சைச் சேர்ந்த யூர்க் நீவர்கெல்ட் என்ற பேராசிரியரும் நேபாளத்தின் பாக்-சாலைக் கணினியில் அலசி, இரு தரப்பும் பிசகாமல் ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று நிரூபித்தார்கள்; 2009-ல் வெளியான தொகுப்பு ஒன்றில் அந்தக் கட்டுரை இருக்கிறது. நாலு புலியும் இருபது ஆடும் சரிசமம். மலையில் ஆடு மேய்த்தவர்கள் பகல்பொழுதில் கூட்டிக் குறைத்து வந்து நின்ற எண்ணை இயந்திரம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டது. இன்ஸ்பெக்‌ஷன்காரனுக்கு இதைவிடச் சந்தோஷமான ரிப்போர்ட் இல்லை.

அந்த மேய்ப்பர்களால் எப்படி முடிந்தது என்று யோசித்தால் எனக்கு ஒரே விடைதான் கிடைக்கிறது. அவர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள். புலியாகத் தின்றும், ஆடாக மாட்டியும் பார்த்தவர்கள் சேர்ந்து வைத்த எண் அது. ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுதிய சட்டம் அவனுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். கெட்ட எண்ணம்கூட வேண்டாம், மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது. பேத்தியின் கூட்டத்தில் இப்போது ஒரு கதை முடிந்ததும் நடுவர் மாறுகிறார். மந்திரவாதியாக இருந்த பையன்தான் அடுத்த நடுவர். மந்திரம் பலிக்காத குகையை அவனே எழுதட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

யாராவது ஒரு சட்டத்தைக் காட்டி இது நியாயமா என்று என்னைக் கேட்டால், அது விளையாட்டோ, கூலி ஒப்பந்தமோ, வீட்டில் யார் பாத்திரம் தேய்ப்பது என்பதோ, நான் சட்டத்தைப் படிப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இதை எழுதியவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஓர் ஆட்டமாவது ஆடியிருக்கிறாரா? இல்லை என்றால், கையெழுத்துப் போடும் முன் ஒரு ஷிஃப்ட் அந்தப் பக்கம் நின்றுவிட்டு வரச் சொல்லுங்கள். நட்டும் வாஷரும் நான் தருகிறேன்.